முதல் கொத்து அரசருக்கு

“ஆண்டவரே, மேட்டுக்காட்டையும் பாத்துக்கிரும், பந்தலையும் பாத்துக்கிரும். ஆளத் தெரிஞ்சவரு நீரு.”

பீடத்துக்கு முன்னால் நின்று, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் அண்ணன் இப்படி மன்றாடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். தாலுகா ஆபீஸில் மனுக் கொடுக்கிறவர்கூட இவ்வளவு பூசி மெழுக மாட்டார். ஆனால் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கம்பத்துக்கு மேற்கே மலையோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே கோயிலில் மழை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மேட்டுக்காட்டில் சோளமும் பயறும் விதைத்தவர்களுக்கு மழைதான் உயிர். திராட்சைப் பந்தல் போட்டவர்களுக்கோ, பழம் கறுத்த பிறகு விழும் மழை எமன். தோல் வெடித்துவிடும்; அப்புறம் அறுவடை குளவிக்கும் தேனீக்கும்தான். பங்குச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவது உபதேசியாரான அண்ணன்தான். இரண்டு கட்சியின் மன்றாட்டையும் அவர் ஒரே வாயால் சொல்லியாக வேண்டும்.

அண்ணனும் பந்தல்காரர்தான். அப்பா விட்டுப்போன தோட்டம் அது. நான் சொல்வது சில வருடங்களுக்கு முன்னால்; அதற்கு முந்தைய வெள்ளாமைகள் நோய் விழுந்து கெட்டுப்போயிருந்தன. இந்த முறையும் கைவிட்டால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, விடிகாலை ஜீப்பில் தொற்றிக்கொண்டு கேரளத்து ஏலக்காட்டுக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான் என்று மதினி சொல்லியிருந்தார். நல்லவேளை, அந்த வருடம் கொடி ஏமாற்றவில்லை. நான் வேலை பார்க்கும் தேனிப் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுக் கிறிஸ்து அரசர் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பந்தலுக்குள் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. தலையில் இடித்த கொத்துகளை எல்லாம் விலக்கிக்கொண்டு நானும் மதினியும் சின்னப் பிள்ளைகளைப் போல் சிரித்தோம்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகையில் பழுக்கும் வெள்ளாமையின் முதல் கொத்தைக் கிறிஸ்து அரசர் திருவிழா அன்று பீடத்தில் வைத்த பிறகுதான் வெட்டுக் கத்தியை எடுப்பார்கள். காலம் மாறிப்போய், மற்றவர்கள் வியாபாரி வந்ததும் வெட்டிவிட்டு, ஒரு கொத்தை மட்டும் திருவிழாவுக்கென்று எடுத்துவைத்துக்கொள்வார்கள். வியாழக்கிழமை அண்ணனிடமும் வியாபாரி வந்து நின்றார். அண்ணன் மாட்டேன் என்றார்.

“ஏண்ணே, ஒன் ராசா என்ன பழத்துக்கு ஏங்கிப்போயா கெடக்காரு? வெட்டிரு” என்று தங்கச்சி என்கிற உரிமையில் நான் சத்தம் போட்டேன்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் தானத்தா. ராசாவுக்கு வைக்காம நாம கை வைக்கக் கூடாது. அவரு பாத்துக்கிருவாரு.”

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேகம் இறங்கி மலையை மறைத்தது. பிறகு பெய்த மழையை என்னவென்று சொல்வது! வீட்டு வாசலில் நின்றபடி மதினி என்னைப் பார்த்து, “உங்க அண்ணே தோட்டத்துலயே நிக்கிறாக. கூப்புட்டாக் காது கேக்காத மாதிரி நிக்கிறாக” என்றார். போய்ப் பார்த்தேன். பந்தலுக்குக் கீழே, மழைக்குத் தலையில் கவிழ்த்திருந்த உரச் சாக்கை எடுத்து ஒரு கொத்தின் மேல் பிடித்துக்கொண்டு நின்றார். தோட்டம் முழுக்கப் பழம். அவர் கையில் ஒரே ஒரு சாக்கு. நான் அழுதேன். தோட்டத்தை ஒட்டிய பாதையில் மேட்டுக்காட்டுக்காரர்கள், “ஆண்டவரு கண்ணத் தொறந்துட்டாருப்பா” என்று பேசிக்கொண்டு போனது கேட்டது. அவர்கள் சொன்னதிலும் பொய் இல்லை. பயறு கருகிக்கொண்டுதான் இருந்தது.

ஞாயிறன்று வெயில் அடித்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தோட்டம் முழுக்கத் தேடி, வெடிக்காத கொத்து கிடைக்காமல், கொஞ்சமாக வெடித்த ஒன்றைத்தான் அண்ணன் பீடத்தில் வைத்தார். சாயங்காலம், சாமியார் நற்கருணை அப்பத்தை ஏந்தி ஊரைச் சுற்றிவரும் பவனி. சாமியாருக்கு முன்னால் மைக்கோடு நடந்து, “கிறிஸ்து அரசர்!” என்று உபதேசியார் குரல் கொடுக்க, ஊரே “வாழ்க!” என்று சொல்ல வேண்டும். பவனி எங்கள் தோட்டத்து வழியே வந்தது. புளித்த வாடை பாதையில் ஏறி நின்றது. அண்ணன், “கிறிஸ்து அரசர்!” என்றார். பதில் இல்லை. மழை வேண்டிக் கேட்டவர்களும் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் குரல் கொடுத்தார். குரல் பாதியில் உடைந்தது. அப்போது மதினி மட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு, “வாழ்க” என்றார். அதைக் கேட்டபோது, அவர் புருஷனுக்காகச் சொன்னாரா, ஆண்டவருக்காகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை.

தோட்டம் குத்தகைக்குப் போனது. அண்ணன் ஜீப் ஏறினார். இன்றுவரை ஏறிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் நடத்துவதை மட்டும் விடவில்லை. நல்லவர் ஆளும்போது நல்லவனுக்கு ஏன் இப்படி என்ற கேள்வியை இத்தனை வருடம் நானும் கேட்காமலே இருந்தேன். கேட்டால் அவர் உடைந்துபோவாரோ என்ற பயம்.

இந்தத் திருவிழாவுக்குப் போனபோதுதான் கேட்டுவிட்டேன். ஏலக்காட்டிலிருந்து வந்து, அட்டை கடித்த காலை வாசலில் கழுவிக்கொண்டிருந்தார். மதினி தண்ணீர் ஊற்றினார்.

“உண்மையச் சொல்லுண்ணே. அவரு ஆளுறது நல்லாவா இருக்கு?”

காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “நல்லா இருக்குன்னு எங்கண்ணு கண்டதில்லத்தா. நல்லா ஆளும், நல்லா ஆளும்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். அவரு நல்லவரு இல்லேன்னா, நாம எங்கன போயி அழுகுறது?”

மேற்கே மலை தெரியவில்லை. முதல் துளிகள் கூரைத் தகரத்தில் விழுந்தன. அண்ணன் நிமிர்ந்து, கைவிட்டுப்போன தோட்டம் இருக்கும் பக்கம் பார்த்தார்.

“பாவம், குத்தகைக்காரரு பந்தலு நல்லாப் பழுத்துக் கெடக்கு. ஆண்டவரே, மழைய இத்தோட நிறுத்திரும்” என்றார்.

மழை வலுத்தது.