வாயைக் கட்டுதல்

அந்த மருத்துவமனையில் எடை மெஷின் தாழ்வாரத்தில் இருந்தது. நர்ஸ் எடையைக் கூவுவார். தொலைவில் மேசையிலிருக்கும் கிளார்க் எழுதிக்கொள்வார். பதினான்கு வருடமாக அதுதான் வழக்கம். கொடுமைக்கு வழக்கம் என்று பெயர் வைத்தால் யாருக்கும் கூசுவதில்லை.

போன மாதம் ஒரு சிறுமியின் எடையை "ஐம்பத்தெட்டு!" என்று நர்ஸ் கூவியதும் காத்திருந்த பெஞ்சே சிரித்தது. இன்று அந்த ஒன்பது வயதுச் சிறுமி மெஷினில் ஏற மறுத்தாள்.

"வீட்டுக்குப் போலாம்மா. இனிமே வரவே மாட்டேன்."

சர்க்கரை ஏறத் தொடங்கியிருக்கும் பிள்ளை. வராமல் போனால் சிகிச்சையே இல்லை.

அறையிலிருந்து டாக்டர் வந்து தாயிடம் சீறினார்: "பிள்ளைக்கு வாயைக் கட்டச் சொல்லித்தர மாட்டீங்களா? என்னம்மா வளர்க்கறீங்க?"

"ரெண்டு ஷிப்டு வேலை சார். நான் வர்றப்ப அவ தூங்கிடறா."

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கட்ட வேண்டியது அவ வாயை இல்ல டாக்டர், என் வாயை. உங்க வாயையும்தான்."

மெஷினை ஊசி போடும் அறைக்கு இழுத்துப்போய், சிறுமியை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"எவ்வளவு சிஸ்டர்?" என்று வெளியே கிளார்க் கத்தினார்.

"எழுந்து வந்து சீட்டை வாங்கிக்கோங்க. காலு மரத்தா போச்சு?"

சிறுமி மெஷினில் ஏறி நின்று மெதுவாகக் கேட்டாள்: "அடுத்த மாசமும் இந்த ரூம்தானே?"