விழாத சுவர்

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அடித்த புயலில் தையல்காரியின் ஓரகத்தி வீடு தரைமட்டமானது. தையல்காரியின் வீடு கூரையை மட்டும் பறிகொடுத்துவிட்டு நின்றது. சாய்ந்த சுவருக்குத் தையல் மேசையை முட்டுக்கொடுத்தாள். கணக்கெடுக்க வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று வீட்டைப் பெருக்கியும் வைத்தாள். வந்தவர்கள் ‘பாதி சேதம்’ என்று எழுதி, ஒரு தார்ப்பாயைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஓரகத்திக்கு அரசாங்கமே மாடி வீடு கட்டித் தந்தது.

அது கட்டி முடியும்வரை இரண்டு வருஷம் ஓரகத்தி குடும்பம் கிடந்தது இவளுடைய தார்ப்பாய்க்கு அடியில்தான். இப்போது அந்த மாடியில் வாடகைக்கு ஆள். கீழே ஜன்னலுக்கு ஜன்னல் திரை. அத்தனையும் தைத்துக் கொடுத்தவள் இவள்தான். ஊசி இறங்கிய ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது.

இன்று காலை மறுபடியும் புயல் எச்சரிக்கை. ஓரகத்தி போன் பண்ணினாள்.

“அக்கா, எல்லாரும் இங்க வந்துடுங்க. எங்க வீடு எதுக்கும் அசையாது. உங்க சுவரை நம்பாதீங்க.”

“வர்றோம்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

கிளம்பும்போது புருஷன் சுவருக்கு முட்டுக்கொடுக்க மேசையை இழுத்தான்.

“அதை வண்டியில ஏத்துங்க” என்றாள். “போன தடவை முட்டுக்கொடுத்துத்தான் கெட்டோம்.”