தாடையைச் சுற்றிய கட்டு

அந்த மாதங்களில் என் கை சும்மா இருந்ததே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்ப்பேன். த்ரீவீலரில் ஏறினால் டிரைவரின் கண்ணாடியில் பார்ப்பேன். வீட்டில் கரண்டியின் முதுகைக்கூட விட்டுவைக்கவில்லை. காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்துக் கன்னத்தை மெதுவாகப் பின்னுக்கு இழுப்பேன். தாடையோரம் தொங்கும் சதை மேலே ஏறிக்கொள்ளும். இது சின்ன ஒப்பரேஷன். பிறகு காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் கழுத்தையும் சேர்த்து இழுப்பேன். இது பெரியது. கையை எடுத்தால் எல்லாம் தொப்பென்று பழைய இடத்துக்கு வந்துவிடும்.

நான் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கண்டி மஹய்யாவ வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். இப்படிப்பட்டவள் ஒப்பரேஷன் செய்து முகத்தை இறுக்கிக்கொள்ளப் போகிறாள் என்று தெரிந்தால் எங்கள் தெரு என்ன கதை கட்டும் என்று எனக்குத் தெரியும். இந்த வயதில் மாப்பிள்ளை தேடுகிறாள் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

என் அவசரம் வேறு. அம்மாவுக்கு மறதி வந்து சில வருடங்களாகிவிட்டன. முதலில் அடுப்பை மறந்தார். பிறகு மாதா கோயில் பூசைக்குப் போகும் வழியை மறந்தார். கடைசியில் என் முகத்தை மறந்தார். என்னை மறக்கவில்லை, அதுதான் கொடுமை. அலுமாரிக்கு மேலே ஒரு படம் இருக்கிறது. டீச்சர் வேலை கிடைத்த புதிதில் சேலை கட்டிக்கொண்டு ஸ்டூடியோவில் எடுத்தது. அதைக் காட்டி, "இதுதாங்க எங்க மக. ஸ்கூல் விட்டு இப்ப வந்துருவா," என்று என்னிடமே சொல்வார். நான் பள்ளியிலிருந்து வந்து உள்ளே நுழைந்தால், கோயிலிலிருந்து யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்திருக்கப் பார்ப்பார்.

"வாங்க வாங்க. கதிரைய இழுத்துப் போட்டு உக்காருங்க."

வாழ்நாள் முழுக்க என்னை வாடி, போடி என்று விரட்டிய வாய் அது. ஒருநாள் கோபத்தில், "நான்தாம்மா ஒங்க மக!" என்று கத்திவிட்டேன். அம்மா பயந்துபோய்க் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கத்துவதில்லை. படத்தைப் பார்ப்பேன், கண்ணாடியைப் பார்ப்பேன், சதையை இழுப்பேன்.

பொய் சொல்லக் கூடாது. அம்மா இல்லாவிட்டாலும் அந்தத் தாடை எனக்குப் பிடித்திருக்காது. ஆசை வெட்கம் அறியாது என்பது சரிதான்.

கொழும்பிலிருந்து கிழமைக்கு ஒருமுறை கண்டிக்கு வரும் ஒரு டொக்டரைப் பார்க்கக் காசு கட்டி நம்பர் எடுத்து சனல் பண்ணினேன். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையானவர். கைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். சிரிக்கவில்லை.

"சின்னதெண்டா காதுக்கு முன்னால கொஞ்சம்தான் வெட்டுவம். தாடை சீராகும். ஒரு கிழமையில நீங்கள் வெளிய போகலாம். கழுத்தும் கன்னமும் இந்தப் படத்துக்குக் கிட்ட வரவேணுமெண்டா பெருசு செய்யவேணும். மயக்கி, நிறைய நேரம் எடுத்துச் செய்யிறது. வீக்கமும் கட்டும் கன நாளைக்கு இருக்கும்."

"பெருசு செஞ்சா இந்த மாதிரியே வருமா?" என்று கேட்டேன்.

"கிட்ட வரும். அதே மாதிரி ஆராலும் செய்ய ஏலாது. நீங்கள் ஆருக்காகச் செய்யிறியள்?"

"எனக்காகத்தான்," என்றேன்.

வெளியே வந்ததும் பெரியது என்று முடிவு செய்தேன். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போவதற்குள் சின்னது போதும் என்று தோன்றியது. பஸ் மஹய்யாவ ஏற்றத்தில் நெரிசலில் நின்றபோது மறுபடியும் பெரியது. இப்படியே ஒரு பள்ளித் தவணை முழுக்க ஓடியது. வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மனம் மாறும். ராத்திரி பெரியதற்கு ஆம் என்று படுத்து, காலையில் சின்னதற்கு ஆம் என்று எழுந்திருப்பேன்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் பள்ளியில் என் பக்கத்து மேசைக்காரி. கண்டி முஸ்லிம் குடும்பத்துப் பெண், கணக்கு டீச்சர். மனதில் பட்டதைச் சட்டென்று சொல்லிவிடுவாள்.

"என்த்துக்கு இந்த வேல? ஒங்கட மொகத்துக்கு என்ன வந்தீக்கி?" என்று முதலில் சண்டை பிடித்தாள். அம்மாவைப் பற்றிச் சொன்னதும் சண்டையை விட்டுவிட்டுக் கதிரையை என் பக்கம் இழுத்தாள். பிறகு, "ஊட்டுக்கு வார சனத்துக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. எங்கள் தெருவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் ஒளிய முடியாது. தம்பிலி இளநீரும் பிஸ்கட் பெட்டியுமாக ஒவ்வொரு வீடும் வரும். கட்டில் பக்கத்தில் நின்று ஜெபம் சொல்லும். எங்கே வெட்டினார்கள் என்று எட்டிப் பார்க்காமல் போகாது.

"பல்லு எடுக்கிறன்டு சொல்லுங்களே. கடைவாய்ப் பல்லு," என்றாள் தோழி. "அதுக்கும் மொகம் வீங்கும்தானே."

நல்ல பொய்தான். ஆனால் கடைவாய்ப் பல்லுக்கு ஒரு கிழமைக்கு மேல் யார் கட்டுப் போட்டுக்கொண்டு இருப்பார்கள்? பெரிய ஒப்பரேஷனை அந்தப் பொய் தாங்காது. நான் அத்தனை நாள் தவித்த தவிப்பை ஒரு பல் முடித்துவைத்தது. டொக்டருக்குப் போன் பண்ணி, சின்னது என்று சொல்லிவிட்டேன்.

பள்ளி லீவில் செய்துகொண்டேன். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஹந்தானைத் தோட்டத்திலிருந்து சம்பளத்துக்கு வரும் அக்கா அன்று ராத்திரியும் எங்கள் வீட்டில் தங்கினார். மறுநாள் தோழி என்னை த்ரீவீலரில் கூட்டிவந்தாள். தாடையைச் சுற்றி உச்சந்தலைவரை ஒரு வெள்ளைப் பட்டி. கண்ணுக்குக் கீழே நீலம். உதடு ஒரு பக்கம் உப்பியிருந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அவலட்சணமாக இருந்ததே இல்லை. அம்மா கண்ணில் படாமல் அறைக்குள் போய்விட வேண்டும் என்று சுவரோரமாக நடந்தேன்.

"ஏய், நில்லுடி!"

நின்றேன்.

"என்ன கன்னம் இப்பிடி வீங்கியிருக்கு? பல்லா? ராத்திரி இனிப்புத் தின்னுட்டு வாய் கழுவாமப் படுத்தியா? சொன்னா கேக்குறியா நீ?"

அம்மா என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் எனக்கு எப்போதும் பல்வலிதான். துண்டை மடித்துத் தாடையைச் சுற்றி உச்சியில் முடிச்சுப் போட்டு என்னைப் பள்ளிக்கு அனுப்புவார். அந்தக் கட்டைத்தான் இப்போது அடையாளம் கண்டுகொண்டார். தடுமாறி எழுந்து சமையலறைக்குப் போனார். அடுப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர், கராம்பு போத்தலை நேராகப் போய் எடுத்தார்.

"வாயத் தொற."

திறக்க முடியவில்லை, தையல் இழுத்தது. திறந்தேன். வலித்த பக்கம் எது என்றுகூடக் கேட்காமல் ஒரு கராம்பை உள்ளே திணித்துவிட்டு, வெளியே இருந்து கன்னத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழாதே, அழுதால் இன்னும் வலிக்கும் என்று அதற்கும் திட்டு வாங்கினேன். வாசலில் நின்ற தோழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தக் கிழமை முழுக்க நான் மகளாக இருந்தேன். காலையில் எழுந்ததும், "கொறஞ்சுதாடி?" என்பார். கஞ்சியை ஆற்றித் தருவார். பார்க்க வந்த தெருச் சனங்கள், "பல்லுக்கு இவ்ளோ பெரிய கட்டா?" என்று சந்தேகப்பட்டபோது, "அவளுக்குச் சின்னதுலேருந்தே பல்லு சொத்தைங்க," என்று அம்மாவே சாட்சி சொன்னார். என் பொய்யை நம்பாதவர்கள் அம்மாவை நம்பினார்கள்.

கிழமை முடிந்து டொக்டர் கட்டைக் கழற்றி, தையலை எடுத்து, கையில் கண்ணாடியைத் தந்தார். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் வீக்கம். ஆனால் தாடை நேராக இருந்தது. படத்தில் இருந்த அதே தாடை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பட்டியைக் கொஞ்ச நாளைக்கு ராவில மட்டும் போடுங்கோ," என்றார். "கழுத்துக்கும் வேணுமெண்டு பிறகு நினைச்சா, பெருசைச் செய்யலாம்."

"வேணாம் டொக்டர், இது போதும்," என்றேன். திரும்பி வரும்போது த்ரீவீலர்க் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தேன். கட்டோடு வீங்கிக் கிடந்தவளையே கண்டுகொண்ட அம்மா, இந்த முகத்தைக் கண்டால் என்ன செய்வார் என்று நினைக்க நினைக்க இருப்புக்கொள்ளவில்லை. டிரைவரை இரண்டு தடவை கெதியாகப் போகச் சொன்னேன்.

அம்மா வாசலுக்கு எதிரே கதிரையில் இருந்தார். வெளிச்சத்தில் போய் நின்றேன். முகத்தை நன்றாகத் தூக்கிக் காட்டினேன்.

"வாங்க வாங்க," என்றார். "உக்காருங்க. மக இன்னும் வரல."

நான் உட்காரவில்லை.

"அவளுக்குப் பல்லு வலிங்க. வலியோட எங்கேயோ போயிட்டா. வார வழியில நீங்க பாத்தீங்களா?"

சொல்லிக்கொண்டே வலது கையை விரித்தார். உள்ளங்கையில் ஒரு கராம்பு. வியர்வையில் நனைந்து, ரேகையோரம் பழுப்பாகச் சாயம் இறங்கியிருந்தது. "காலையிலேருந்து கைய விரிக்க மாட்டேங்குறாங்க. ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க," என்றார் ஹந்தானை அக்கா.

கைப்பையோடு அறைக்குள் போனேன். பட்டியை எடுத்துத் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் ஒட்டினேன். வலியே இல்லாத கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்றார் அம்மா. "வா. வாயத் தொற."

இப்போதும் பள்ளி விட்டு வந்ததும் அந்தப் பட்டியைக் கட்டிக்கொண்டுதான் அம்மா முன்னால் போகிறேன். கழுவிக் கழுவி அதன் ஒட்டு விட்டுப்போகிறது. நேற்று டொக்டருக்குப் போன் பண்ணி, பெரிய ஒப்பரேஷன் செய்தால் கட்டு எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டேன். நான் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம். "யோசிக்காதேங்கோ, ஏலுமான கெதியில கழட்டிவிடுவன்," என்றார். வாயில் கராம்பு இருந்ததால் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.