பெருவிரல் பட்ட தாள்

காலையில் பிரஷர் மாத்திரையை அழுத்தினேன். அட்டையின் வெள்ளித்தாள் சத்தமில்லாமல் கிழிந்தது. சம்பத் ஞாபகம் வந்துவிட்டது. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் மாத்திரையைத் தேடினேன்.

நான் ஒன்பதாவது வரைதான். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் பத்து வருஷம் தோல் தரம் பிரித்தேன். தோலுக்குக் கண் போதாது. பெருவிரலால் அழுத்தினால்தான் கனம் தெரியும். அந்தக் கம்பெனி மூடியதும் வேலூர்ப் பக்கம் ஒரு காலேஜில் லேப் அட்டெண்டர் ஆனேன். முதல் மாசம் என் மேல் தோல் வாடை போகவில்லை.

"இன்னா நைனா, ஆட்டையும் கூட்டினு வந்துட்டியா?" என்பான் டெக்னீஷியன் சம்பத். மத்தியானம் என் பக்கத்தில்தான் சாப்பிடுவான்.

அங்கே எக்ஸ்ரேயைப் பிடிக்கும் கருவியைச் சோதித்தார்கள். வெளிநாட்டில் பெரிய லேசரால் கடுகளவு உலோகத்தை அடிப்பார்களாம். கண் சிமிட்டுமுன் அது கொதித்து எக்ஸ்ரே கக்குமாம். அதைப் பிடிக்கத்தான் இந்தக் கருவி.

"நட்சத்திரம் கிட்ட போக முடியாதில்ல? அதான் துளியூண்டு நட்சத்திரத்த பூமியிலியே பண்ணிப் பாக்குறாங்க" என்றார் லேபை நடத்திய மேடம்.

கருவியின் வாயில் முடியைவிட மெல்லிய அலுமினியத் தாள். எக்ஸ்ரே நுழையலாம், வெளிச்சம் நுழையக்கூடாது. அதைப் பொருத்தியவன் சம்பத். கருவியோடு வெளிநாடு போக இருந்தவனும் அவன்தான். ஸ்வெட்டர் வாங்கி, வேலூர் வெயிலில் போட்டுக் காட்டினான்.

ஒருநாள் மேசை துடைக்கப் போனேன். தாள் பளபளத்தது. இவ்வளவு மெல்லிசா என்று நினைப்பதற்குள் பெருவிரல் போய் அழுத்திவிட்டது. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. வந்துவிட்டேன்.

மறுநாள் சோதனையில் எக்ஸ்ரே போடாமலே கம்ப்யூட்டரில் வெள்ளைப் புள்ளி. தாளில் ஓட்டை. வெளிச்சம் உள்ளே போகிறது.

"யார் தொட்டது?" என்றார் மேடம்.

நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"மாட்டினது நான்தான் மேடம். என் கைதான் பட்டிருக்கும்" என்றான் சம்பத்.

புதுத் தாள் வந்தது. கருவி போனது. கூட மேடம் அனுப்பியது வேறொருவரை.

"நீ ஏன் மூஞ்சிய தொங்கப் போட்டுனு கீற? போவாதவன் நானு" என்று சிரித்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். டிபன் பாக்ஸை மூடிக் கழுவப் போனேன்.

இன்று அந்த லேப் இல்லை. அறையில் உடைந்த நாற்காலிகள். மேடம் எந்த ஊரிலோ. சம்பத் போன வருஷம் மார்வலியில் செத்துப்போனான். காரியத்தன்று அவன் மகள் கேட்டாள்.

"அப்பா ஏன் மாமா அந்த லேசர் ஊருக்குப் போகல? கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

"விசா வரல பாப்பா" என்றேன்.

"அப்படியா" என்று சொல்லி, எனக்கு இன்னொரு வடை வைத்தாள்.