தெர்மாமீட்டரின் கை

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போடும்போது அவருக்கே அது ஞாபகம் வரும். மற்ற நாட்களில், அறுபது குதிரைகள் நிற்கும் அந்தப் பந்தய லாயத்தில், பயிற்சியாளரிலிருந்து புல் லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அவர் தெர்மாமீட்டர்தான். குதிரையின் காலில் கையை வைத்தால் எந்த இடத்தில் சூடு, எத்தனை நாளாகச் சூடு என்று சொல்லிவிடுவார். டாக்டர் பிறகு மெஷினை வைத்துப் பார்த்து அதையே இங்கிலீஷில் சொல்வார்.

இருபத்தொரு வயதில் சாணி அள்ள வந்தவர். வந்த மறு வருஷம், பந்தயத்துக்கு முந்தின நாள், ஒரு குதிரையின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நாளைக்கு ஓடாது" என்றார். சாணி அள்ளுகிறவன் பேச்சை யார் கேட்பார்கள்? சிரித்தார்கள். விடிந்தபோது குதிரை மூன்று காலில் நின்றது. அன்றைக்கு லாயத்தில் அவருடைய கைக்கு மரியாதை வந்தது. கைக்குத்தான், ஆளுக்கும் வந்ததாகச் சொல்லமுடியாது. முப்பது வருஷமாக லாயத்தின் பின்சுவரை ஒட்டிய அதே இரண்டு அறை வீடு, வேலை போனால் வீடும் போகும். அதெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பக்கத்து லாயத்துக்காரர்கள் ஆள் அனுப்பிக் கூட்டிப்போய்க் கை வைக்கச் சொல்வார்கள். திரும்பி வரும்போது நடையே வேறாக இருக்கும். "போதும், தரையில கால் படட்டும்" என்பாள் மனைவி.

செவலைக்குக் காகிதத்தில் எழுதியிருந்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நிறத்தைப் பார்த்துச் செவலை என்றார்கள். நான்கு வயதுப் பெண் குதிரை. ஒரு பந்தயத்தின் கடைசித் திருப்பத்தில் இடது முன்காலை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக ஓடும் தசைநாண் பாதி கிழிந்திருந்தது. தசைநாண் என்பது டாக்டரின் வார்த்தை. லாயத்தில் அது நரம்பு. நரம்பு விட்ட குதிரையைக் கட்டி வைத்துத் தீனி போட யாருக்கும் மனசு வராது. முதலாளியும் தள்ளிவிடத்தான் பார்த்தார். குதிரைக்கு முன்பக்கம் எது என்று தெரிந்துகொள்ளவே இரண்டு வருஷம் எடுத்துக்கொண்ட மனிதர் அவர். "தெர்மாமீட்டர்கிட்ட ஒரு வருஷம் விடுங்க ஐயா, ஓட வச்சுக் காட்டுவாரு" என்று பயிற்சியாளர் சொன்னதில்தான் செவலை பிழைத்தது.

குதிரையைத் தேற்றுவதென்றால் ஏதோ மருந்து மாயம் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். முக்கால்வாசி அது வெறும் பொறுமை. முதல் இரண்டு மாதம் கொட்டடியை விட்டு வெளியே விடக்கூடாது. காலையும் மாலையும் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரைக் காலில் பீய்ச்சவேண்டும். அடிபட்ட காலுக்கு மட்டும் கட்டுப்போட்டால் போதாது. பாரம் தாங்குகிற நல்ல காலுக்கும் போடவேண்டும். பிறகு கயிற்றைப் பிடித்து ஐந்து நிமிஷ நடை. அடுத்த வாரம் பத்து. ஐந்தாம் மாதம் முதுகில் ஆள். ஏழாம் மாதம் சின்ன ஓட்டம். குதிரைக்கோ உடம்பு கொழுத்து, ஓடு ஓடு என்று மனசு துடிக்கும். அதைக் கட்டி இழுத்துக்கொண்டு மணிக்கணக்காக நடக்கிற மனிதனுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். தெர்மாமீட்டர் நடந்தார். பெற்ற பிள்ளைக்கு அவர் இவ்வளவு செய்ததில்லை என்பதைப் பிள்ளையே சொல்வான்.

இத்தனையிலும் ஒரே ஒரு விஷயம்தான் உயிர்நாடி. ஆறிய இடம் மறுபடி கிழிவதற்கு முன்னால் அங்கே லேசாகச் சூடு ஏறும். நொண்டல் பிறகுதான், வீக்கம் பிறகுதான். சூடு ஒருநாள் முன்கூட்டியே வந்துவிடும். அதைப் பிடித்துவிட்டால் குதிரையை நிறுத்திக் காப்பாற்றலாம். அதனால் தினமும் விடிந்ததும் இரண்டு காலையும் தொட்டு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

ஆறாம் மாதத்தில் அவர் கை போயிற்று. போனதை முதலில் பார்த்தவள் மனைவி. அடுப்பில் பொங்கிய பால் பாத்திரத்தைத் துணி இல்லாமல் இறக்கி வைத்துவிட்டு, நிதானமாக டம்ளரைத் தேடினார்.

"என்னங்க, சுடலையா?"

"சுடுது, சுடுது" என்றார் அவசரமாக. விரல் நுனிகளில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது.

சர்க்கரை வியாதிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை ஞாபகம் வந்தால் மட்டும் விழுங்குகிறவர். "ஆஸ்பத்திரியில காட்டுங்க, லாயத்துல சார்கிட்ட சொல்லிடுங்க" என்று அவள் ஒரு மாதம் கரடியாகக் கத்தினாள். வேலை செய்கிற கை, தடித்துத்தான் இருக்கும் என்றார். அவருக்குத் தெரியாமலில்லை. ஒருநாள் செவலையின் காலைப் பிடித்தபோது கட்டையைப் பிடித்த மாதிரிதான் இருந்தது. அன்று கொட்டடியிலேயே உட்கார்ந்து அழுதார். வீடு போய்விடும் என்ற பயம் ஒரு பங்கு என்றால், 'தெர்மாமீட்டர் உடைஞ்சு போச்சு' என்று நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம் பத்துப் பங்கு. அதை மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

தப்பிக்க ஒரு வழியும் கண்டுபிடித்தார். கட்டு அவிழ்க்கக் குனிந்தபோது ஒருநாள் கன்னம் செவலையின் காலில் உரசியது. கன்னத்துக்குச் சூடு தெரிந்தது. அன்றிலிருந்து எல்லோரும் வருவதற்கு முன்பே கொட்டடிக்குப் போய், வைக்கோலில் மண்டியிட்டு, முதலில் வலது காலிலும் பிறகு இடது காலிலும் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். ஒரு உதை போதும், தாடை பெயர்ந்துவிடும். செவலை உதைக்கவில்லை. ஐந்து மாதம் இப்படியே ஓடியது. இரண்டு தடவை சூட்டைச் சரியாகப் பிடித்து ஓட்டத்தை நிறுத்தினார். கையை லாயமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கன்னத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது.

பதினோராவது மாதம் முழு வேக ஓட்டத்துக்கு நாள் குறித்தார்கள். செவலையை ஓட்டப்போகிறவர் அவருடைய தங்கை புருஷன். காலைப் பயிற்சிக்குக் குதிரை ஓட்டுகிற வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே தெர்மாமீட்டர்தான். வாய் அதிர்ந்து பேசாத மனிதர். மச்சான் சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

அன்று முதலாளி சீக்கிரமே வந்துவிட்டார். தெர்மாமீட்டர் போனபோது கொட்டடி வாசலில் முதலாளி, அவர் குடும்பம், பயிற்சியாளர், டாக்டர் என்று ஒரு கூட்டமே நின்றது.

"இன்னைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துட்டு நாளைக்கு ஓட்டலாமே" என்றார் டாக்டர்.

"இவர் இருக்கும்போது ஸ்கேன் எதுக்கு டாக்டர்?" என்று பயிற்சியாளர் சிரித்தார். "வாங்க, கையை வைங்க. ஐயா பார்க்கணும்னு ஆசைப்படறாரு."

முதலாளியின் மகள் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். அத்தனை பேர் முன்னால் மண்டியிட்டுக் கன்னத்தை வைப்பதா? தெர்மாமீட்டர் குனிந்தார். வலது காலைத் தொட்டார், இடது காலைத் தொட்டார். கண்ணை மூடி, பழைய நாட்களில் செய்வதுபோலக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேன் எடுத்துடலாம் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், டாக்டரே வழி போட்டுக் கொடுத்திருந்தார்.

"பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு சார்" என்றார்.

கை தட்டினார்கள். கூட்டம் மைதானத்துக்குக் கிளம்பியது. தெர்மாமீட்டர் செவலையின் முன்கால்களுக்குக் காலுறையை மாட்டக் குனிந்தார். இடது காலுறையை மாட்டுமுன் செவலை லேசாக நகர, அவர் கன்னத்தில் அந்தக் கால் பட்டது. சூடு. சந்தேகமே இல்லாத சூடு.

கொட்டடியிலிருந்து மைதானம் நானூறு அடி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர்தான் கூட்டிப்போனார். நானூறு அடியில் ஒரு மனிதன் எத்தனை தடவை வேண்டுமானாலும் வாயைத் திறக்கலாம். பயிற்சியாளர் வேலியோரம் நின்று, "கடைசி அறுநூறு மீட்டர் முழு வேகம்" என்று மாப்பிள்ளையிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு முதலாளி பக்கம் திரும்பிக்கொண்டார். கயிற்றை அவிழ்க்கும்போதுதான் தெர்மாமீட்டர் பேசினார்.

"கொஞ்சம் மெதுவாவே விடுங்க மாப்பிள்ளை."

"ஏன் மச்சான், ஏதாவது...?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

மாப்பிள்ளை மச்சானுக்கும் பயிற்சியாளருக்கும் நடுவில் ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுத்து ஓட்டினார். அந்தக் கடைசி அறுநூறில் நானூறு மீட்டர்கூடத் தாண்டவில்லை. வேலியோரம் நின்றவர்களுக்கே நரம்பு அறுந்த சத்தம் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். செவலை விழவில்லை, நின்று, இடது காலைத் தூக்கியபடி நடுங்கியது. இந்த முறை ஒட்டவைக்க எதுவும் மிச்சமில்லை. அரை மணியில் டாக்டர் ஊசி போட்டு முடித்தார். அதுவரை அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தெர்மாமீட்டர்.

முதலாளிக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. பயிற்சியாளருக்குத் தன் தலை வேண்டியிருந்தது. அலுவலக அறையில் எல்லோரையும் நிறுத்திவைத்து விசாரித்தார்கள்.

"காலையில கால்ல சூடு இல்ல. அதை நாம எல்லாரும் பார்த்தோம், வீடியோவே இருக்கு" என்று ஆரம்பித்தார் பயிற்சியாளர். "அப்ப ஓட்டினதுலதான் கோளாறு."

"நீங்கதானே சார் முழு வேகம்னு சொன்னீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"நான் சொன்னா? குதிரை எப்படி இருக்குன்னு பார்த்து ஓட்டறது உன் வேலை இல்லையா? மெதுவா விடுன்னு ஒருத்தர்கூட உன்கிட்ட சொல்லலையா?"

மாப்பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. "மச்சான் சொன்னாரு."

பயிற்சியாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தெர்மாமீட்டர் பக்கம் திரும்பினார். "சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அந்த ஒரு வார்த்தையோடு மாப்பிள்ளைக்குச் சீட்டுக் கிழிந்தது. டாக்டர் மட்டும் தெர்மாமீட்டரின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். லாயத்தின் மறுபக்கத்தில் இருந்த தன் அறையைக் காலி செய்து, சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு வந்திருந்தார். தங்கை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை. தெர்மாமீட்டரின் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் சுவரோரம் நின்றாள்.

"மூணு நாளா தூக்கமே இல்ல மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "அவ்வளவு வேகமா விடலன்னுதான் முதல்ல நெனச்சேன். ஆனா நீங்க கை வச்சுப் பார்த்துட்டீங்க. உங்க கை முப்பது வருஷத்துல தப்பினதே இல்ல. அப்ப நான்தான் எங்கயோ தெரியாம இழுத்து விட்டிருக்கேன். நீங்க வேற சொல்லியும் கேக்கல. பதினோரு மாசம் நீங்க பட்ட பாட்டை ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க மச்சான்."

மனைவி தன் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

தெர்மாமீட்டர் வாயைத் திறந்தார். வெளியே வண்டிக்காரன் ஒருமுறை ஹாரன் அடித்தான்.

"விடுங்க மாப்பிள்ளை" என்றார். "நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

அதைக் கேட்டபிறகுதான் மாப்பிள்ளையின் முகத்தில் கொஞ்சம் நிம்மதி வந்தது.