கட் பாக்கியம்

திருத்தங்கல் பாக்கியவதிக்குத் தெரிந்த இங்கிலீஷ் ரொம்பக் கொஞ்சம். அதில் முக்கால்வாசி வேலையை 'கட்' என்ற ஒரு சொல்லே பார்த்துக்கொள்ளும். காலையில் மிக்ஸியில் தேங்காய் பாதி அரைபடும்போது கரண்ட் கட். அதைப் பக்கத்துத் தெருத் தோழியிடம் போனில் சொல்லிப் புலம்பினால் நடுவில் லைன் கட். மகள் ரோஜா வயிற்றுவலி என்று போர்த்திப் படுத்தால் கிளாஸ் கட். அவளுடைய நர்சிங் சீட்டைக் கெடுத்தது கட்-ஆப். ஞானஸ்நான விருந்து ஒன்றில் ஈரல் துண்டுக்காக நாத்தனாரோடு வந்த சண்டையிலிருந்து அந்த வீட்டோடு பேச்சு கட். புருஷன் சவரியப்பன் சனிக்கிழமை சாயங்காலம் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு, "ஒரே ஒரு கட்டிங்தான்" என்று கிளம்பினால், அன்றைக்கு அவனுக்கு மீன்குழம்பு கட்.

நர்சிங் கிடைக்காத ரோஜா பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிறாள். ஒருநாள் போனில் அகராதியைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"எம்மா, உன் வார்த்தைக்கு எம்புட்டு அர்த்தம் போட்டிருக்கான் பாரு. தள்ளத் தள்ள வருது. ஒருத்தரைப் பாத்தும் பாக்காத மாதிரி போறதுக்கும் இதுதானாம்."

"அதை உங்க அத்தை கோயில் வாசல்ல வாராவாரம் பண்ணுதா. அதுக்கு வெள்ளைக்காரன் வரணுமாக்கும்."

"வைரத்துக்குப் பட்டை தீட்டுறதுக்கும் இதுதான்."

"அது நமக்குத் தேவைப்படாது. அடுத்ததைச் சொல்லு."

"குழந்தைக்குப் பல்லு முளைச்சாக்கூட இதே வார்த்தைதான்."

பாக்கியவதி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "வெட்டுறதுக்கும் ஒரே வார்த்தை, முளைக்கிறதுக்கும் ஒரே வார்த்தையா? இம்புட்டுத் தூரம் கப்பலேறி வந்து ஊரைப் பிடிச்சானுக, சொல்லுக்கு மட்டும் இப்படியா பஞ்சம்."

அகராதியில் எத்தனை அர்த்தம் இருந்தாலும் அவள் சோறு தின்றது ஒன்றே ஒன்றில். சிவகாசியில் சங்கரபாண்டியனின் காலண்டர் அச்சகத்தில் அவள் கட்டிங் மிஷின் ஓட்டினாள். அதனால் அங்கே அவள் பெயர் கட் பாக்கியம்.

அந்த மிஷினுக்கு அவள் சுலபத்தில் வந்துவிடவில்லை. பதினோரு வருஷம் தரையில் சம்மணம் போட்டு அட்டைகளில் தேதித்தாள் கட்டுகளைப் பொருத்துகிற வேலைதான் பார்த்தாள். நாற்பத்தைந்து வயதில் முழங்கால் இரண்டும் தகராறு செய்தன. இனிமேல் கீழே உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்கென்ன, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அச்சகத்தில் பெண்களுக்கென்று இருந்த வேலைகளில் உட்காராமல் செய்வது ஒன்றுதான்: கட்டிங் ஆபரேட்டர் முத்துராமலிங்கத்துக்கு அட்டைகளை ஓரம் தட்டி அடுக்கிக் கொடுப்பது. அதற்கு மாறிக்கொண்டாள். முத்துராமலிங்கம் ஒரு நாளைக்கு ஏழு டீ குடிப்பார். அந்த ஏழு டீ நேரத்திலும் மிஷினை ஓட்டியது அவள்தான் என்பது மிஷினுக்கும் முத்துராமலிங்கத்துக்கும் மட்டும் தெரியும்.

தீபாவளி முடிந்த கையோடு முத்துராமலிங்கம் ஓசூரில் ஒரு பெட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டார். காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. சங்கரபாண்டியன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றபோது பாக்கியவதி போய், "நான் ஓட்டுதேன் மொதலாளி" என்றாள்.

"பொம்பளை யாரும் இதுவரைக்கும் கத்தியில நின்னதில்லையே."

"கத்திக்கு அது தெரியாது மொதலாளி. ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கினா இறங்கும்."

அவர் யோசித்தார். சாத்தூரிலிருந்து ஒரு ஆபரேட்டர் அடுத்த திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். "அதுவரைக்கும் ஓட்டு. ஒழுங்கா ஓட்டினா அவனை வேண்டாம்னு சொல்லிப்புடுதேன். ஒரு ஆர்டர் கெட்டுச்சுன்னு வையி, நீ பழையபடி கீழ உக்காந்து ஒட்டுற வேலைக்குத்தான் போகணும்."

ஐந்து நாள் நன்றாகப் போயிற்று. எல்லா மதத்துத் தெய்வங்களும் அவள் கத்திக்குக் கீழே வந்து ஒழுங்காகத் திரும்பிப் போனார்கள். ஒரு நூல் பிசகினால் முருகனுக்கு வேல்முனை இருக்காது, மாதாவுக்கு ஒளிவட்டம் பாதிதான் இருக்கும். பிள்ளையார் மட்டும் அகலமானவர் என்பதால் அவரிடம் கூடுதல் எச்சரிக்கை. "சாமி, தும்பிக்கையை உள்ள இழுத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் பட்டனை அழுத்துவாள். தரையில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்த அய்யம்மாள், "ஏ பாக்கியம், உங்க பாதர்கிட்ட இதைச் சொல்லிப் பாவமன்னிப்புக் கேட்டியா?" என்பாள். "அவரு படம் அச்சுக்கு வரட்டும், நேர்லயே பேசிக்கிடுதேன்" என்பாள் இவள்.

சனிக்கிழமை விருதுநகர் பருப்பு வியாபாரி கனகசபாபதியின் மூவாயிரம் அட்டை கட்டிங்குக்கு வந்தது. மேலே சின்னதாகப் பிள்ளையார், அதற்கடியில் கடைப்பெயர். நடுவில் நாற்காலியில் காலமான அப்பா. அவருக்கு வலப்பக்கம் மூத்த மகன் கனகசபாபதி, இடப்பக்கம் இளையவர் காளீஸ்வரன். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையை அப்பாவின் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள். படத்துக்குக் கீழே, சரியாக அட்டையின் மத்தியில், தேதித்தாள் கட்டு உட்காரக் கட்டம்.

பாக்கியவதி முதல் அடுக்கைத் தட்டி வைத்து அளவெடுக்கும்போது கனகசபாபதியே காரில் வந்து இறங்கினார். நேராக மிஷினுக்கு வந்தார்.

"இந்தா இவன் நிக்கான்ல, இவனை எடுத்திரணும்."

சங்கரபாண்டியனுக்குப் புரியவில்லை. "யாரை அண்ணாச்சி?"

"காளீஸ்வரனை. குடோன் ரெண்டா ஆகிப்போச்சு. வக்கீல் வரைக்கும் போயிட்டான். அவன் மூஞ்சியை நான் மூவாயிரம் வீட்டுல தொங்கவிடணுமா? அந்த ஓரத்துல ரெண்டு இஞ்சு கட் பண்ணுங்க, தீந்துச்சு."

"திரும்ப அடிக்கலாம் அண்ணாச்சி."

"சீசன்ல திரும்ப அடிச்சு எப்பக் குடுப்பீக, சித்திரையிலயா? கட் பண்ணச் சொல்லுங்க."

சங்கரபாண்டியன் பாக்கியவதியைப் பார்த்தார். "ரெண்டு இஞ்சு எடுத்துரு பாக்கியம்."

அவள் கை பட்டனுக்குப் போகவில்லை. ஒரு பக்கம் மட்டும் இரண்டு இஞ்சு போனால் தேதிக்கட்டம் நடுவில் இருக்காது. தொங்கவிடுகிற ஓட்டையைப் புது நடுவில் போட்டால் தாள்கட்டின் கனம் ஒரு பக்கமாக இழுக்கும். கட்டத்துக்கு நேர் மேலே போட்டால் மிச்ச அட்டையின் கனம் மறுபக்கம் இழுக்கும். இரண்டுக்கும் இடையில் போட்டாலும் தாள் கிழியக் கிழியக் கோணும். மூவாயிரம் காலண்டர் கோணலாகத் திரும்பி வரும்போது, கட் பண்ணச் சொன்னது யார் என்று எவரும் கேட்கமாட்டார்கள். கட்டிங் சரியில்லை என்பார்கள். அது அந்தத் தொழிலில் வழக்கம். அப்புறம் தரைதான், முழங்கால்தான். சொல்லாமல் வெட்டினால் ஆர்டர் கெடும். சொன்னால் முதலாளி சொல்லை மீறினதாகும்.

"ஒண்ணே ஒண்ணு வெட்டிக் காட்டுதேன் மொதலாளி. பாத்துட்டுச் சொல்லுங்க."

"அண்ணாச்சி நிக்கவும் நீ என்ன பாடம் நடத்துத."

"வெட்டினது ஒட்டாதுல்ல மொதலாளி."

அவர் பதில் சொல்வதற்குள் ஒரே ஒரு அட்டையைக் கத்திக்குக் கீழே வைத்து இரண்டு பட்டனையும் அழுத்திவிட்டாள். காளீஸ்வரன் நாடா மாதிரிக் கீழே விழுந்தார். அட்டையில் ஓட்டை போட்டு, அய்யம்மாளிடமிருந்து ஒரு தாள்கட்டை வாங்கிப் பொருத்தி, சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள்.

காலண்டர் மெதுவாகச் சாய்ந்து நின்றது. அதோடு அப்பாவும் சாய்ந்தார்.

கனகசபாபதி தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எங்க அய்யா தண்ணி போட்ட மாதிரி நிக்காரு."

"நிக்கலை அண்ணாச்சி, உக்காந்துதான் இருக்காக" என்றாள் பாக்கியவதி.

"அவரு வாழ்நாள்ல ஒரு சொட்டு தொட்டதில்லை."

"அது படத்துக்குத் தெரியாதே அண்ணாச்சி. இன்னொண்ணு பாருங்க."

அருகில் போய்ப் பார்த்தார். காளீஸ்வரன் போய்விட்டார். அவருடைய கை மட்டும் போகவில்லை. நான்கு விரலும் அப்பாவின் தோளை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"இந்தக் கையை எடு."

"எடுக்கலாம். அய்யா தோளோட சேத்துதான் எடுக்கணும்."

தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அய்யம்மாள் பொத்தவில்லை. சங்கரபாண்டியன் அவளை முறைத்துவிட்டு, அதே முறைப்பைப் பாக்கியவதியிடம் கொண்டுவந்தார். "சொன்னதை மட்டும் செய்யுன்னா செய்யணும். நாளன்னைக்கு சாத்தூர்க்காரன் வாரான், ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு மொதலாளி. அதனாலதான் சொல்லுதேன். இதை இப்படியே மூவாயிரம் போட்டா, எண்ணெய்க்கடைக்காரரும் மளிகைக்காரரும் ஆணியில மாட்டிட்டு என்னையத்தான் வைவாக."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்லுத?" என்று கேட்டது கனகசபாபதி.

"கோணாமத் தொங்கணும்னா ரெண்டு பக்கமும் சமமாப் போகணும் அண்ணாச்சி. தம்பி இருந்தா நீங்களும் இருக்கலாம். தம்பியை எடுத்தா நீங்களும் எடுபட்டுப் போவீக. ரெண்டுல ஒண்ணு நீங்கதான் சொல்லணும்."

"நான் காசு குடுத்து அடிக்கிற காலண்டர்ல நான் இல்லாமலா?"

"அய்யா இருக்காகல்ல. கடைப்பேரு இருக்கு."

அவர் மிஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வெட்டாத அட்டை ஒன்றை எடுத்துத் தம்பியை விரலால் மறைத்துப் பார்த்தார். பிறகு தன்னையும் மறைத்துப் பார்த்தார். அது அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. படத்தில் அவர் போட்டிருந்தது போட்டோவுக்காகவே வாங்கிய சட்டை. கடைசியில் அப்பாவின் வலது தோளில் அவர் கண் நின்றது.

"ரெண்டு பக்கமும் எடுத்தா என் கையும் நிக்குமா?"

"நிக்கும். விரலு நாலும் நிக்கும்."

"மோதிரம்?"

பாக்கியவதி அளவுகோலை வைத்துப் பார்த்தாள். பச்சைக்கல் மோதிரம், ஒரு புளியங்கொட்டை அளவு. வெட்டுக்கோட்டுக்கு அரை இஞ்சு உள்ளே இருந்தது. "அலுங்காம இருக்கும் அண்ணாச்சி."

கனகசபாபதி நிமிர்ந்தார். "இந்த மோதிரத்தைத் தெரியாத ஆளு விருதுநகர் பஜார்ல கிடையாது. அவன் கை மொட்டைக் கை. எவன் கைன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டு பக்கமும் எடுங்க."

வெட்டாத அட்டை ஒன்றில் வெட்டுக்கோடு போட்டு, அதில் அவள் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அதையும் சங்கரபாண்டியன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆரம்பித்தாள். ஒரு அடுக்குக்கு அறுபது அட்டை, மொத்தம் ஐம்பது அடுக்கு. தட்டு, வை, அமுக்கு, திருப்பு, மறுபடி அமுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் முதலில் அறுபது காளீஸ்வரனும் அடுத்து அறுபது கனகசபாபதியும் விழுந்தார்கள். அய்யம்மாள் இரண்டு சாக்குப் பையை எடுத்துவந்து, "அண்ணனுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு" என்று பிரித்துப் போடப் பார்த்தாள். பத்து அடுக்கு தாண்டுவதற்குள் சலித்துப்போய் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அள்ளித் திணித்தாள். நடுவில் ஒருமுறை கரண்ட் போனது. பாக்கியவதி மிஷினில் சாய்ந்து நின்றபடியே காத்திருந்தாள். உட்காரவில்லை.

ஆறு மணிக்கு ஐம்பதாவது அடுக்கு முடிந்தது. சங்கரபாண்டியன் வந்து அங்கங்கே பத்து அட்டையை உருவி, ஒவ்வொன்றிலும் ஓட்டை போடச் சொல்லி, தாள்கட்டு பொருத்தி, ஆணியில் மாட்டிப் பார்த்தார். பத்தும் நேராகத் தொங்கின. பத்திலும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பில்லாத இரண்டு கைகள் அவர் தோளை அமுக்கிக்கொண்டிருந்தன, எழுந்து ஓடிவிடுவாரோ என்று பயந்தது போல.

"பாக்கதுக்குப் பேய்ப்படம் மாதிரி இருக்கு" என்றார் சங்கரபாண்டியன்.

"ஆனா நேரா இருக்கு மொதலாளி."

அவர் போனை எடுத்தார். அவள் பக்கத்திலேயே நின்றாள். நகரச் சொன்னாலும் நகர்ந்திருக்கமாட்டாள்.

"ஏப்பா, சங்கரபாண்டியன் பேசுதேன். திங்கக்கிழமை வரவேண்டாம். இல்ல, ஆள் கிடைச்சாச்சு... இங்கனயே இருந்த ஆளுதான்... பொம்பளை ஆளுதான்பா, அதுல உனக்கென்ன?... சரி, வையி."

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை எட்டு மணிக்கே வந்திரு. பத்தாயிரம் முருகன் நிக்கான்."

"வந்திருதேன் மொதலாளி. நான் நிக்கிற இடத்துல ஒரு ரப்பர் விரிப்பு போட்டுக் குடுங்க. சிமெண்டுத் தரையில குதிகால் கடுக்குது."

"முழங்கால்னு சொன்ன, இப்பக் குதிகாலா?"

"முழங்காலுக்குத்தான் மிஷின் குடுத்துட்டீகளே."

சங்கரபாண்டியன் பாக்கெட்டிலிருந்த பேனாவை எடுத்து, கீழே கிடந்த ஒரு காளீஸ்வரனைப் பொறுக்கி, அதன் பின்பக்கம் 'ரப்பர் விரிப்பு - 1' என்று எழுதிக்கொண்டார்.