அக்கா திருத்தச் சொன்ன வரி

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் என் வணக்கம்.

நினைவு மலருக்குக் கட்டுரை எழுதுவது எனக்குப் புதிதல்ல. ஊரில் ஒருவன் தமிழாசிரியனாக இருந்தால், துக்கம் நடந்த வீட்டிலிருந்து மறுவாரமே ஆள் வந்துவிடும். நானும் சளைக்காமல் எழுதிக் கொடுப்பேன். தேனும் பாலுமாக ஊற்றிக் கொடுப்பேன். எல்லோரும் கண்கலங்கிப் படிப்பார்கள். அக்கா ஒருவர்தான் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, “எல்லாம் நல்லாருக்குடா. இதுல செத்தவரு யாரு?” என்று கேட்பார்.

இந்தக் கட்டுரையில் அக்கா எனக்கு இட்டுவிட்டுப் போன வேலை ஒன்று இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் அப்பாவின் நினைவு மலரில் நான் ஒரு பொய் எழுதினேன். அதை இந்த மலரில் நான் திருத்த வேண்டும். அக்காவின் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே அந்த இடத்துக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது உசிலம்பட்டிக்கு மேற்கே, மழையை நம்பிச் சோளமும் கடலையும் விதைக்கிற ஊரில். எங்கள் அப்பா ஒன்றியத் தலைவராகவும், ஒருமுறை சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். பொழுது விடிந்தால் எங்கள் வாசலில் மனுக்கொடுக்க ஆள் நிற்கும். அப்பா விவரம் கேட்பார். மனுவை எழுதுவது அப்போது ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அக்கா. “எம்பொண்ணு எழுதுனா கலெக்டரு எந்திரிச்சு நின்னு படிப்பாரு” என்று அப்பா வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்கு ஒன்பது வயதில் அம்மா தவறிப்போனார். அன்று முதல் எனக்குத் தலை சீவிவிட்டதும், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்ததும், பொய் சொன்னால் காதைத் திருகியதும் அக்காதான். ஒரு பொய்க்கு மட்டும் அவர் காதைத் திருக நாற்பது ஆண்டு ஆயிற்று.

அரசுத் தேர்வெழுதிப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மகள் ஆறாவது படிக்கையில் மாமா மாரடைப்பில் இறந்துபோனார். பதினாறாம் நாள் கழிந்ததும் அக்கா அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். வண்டியூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, மகள் கயல்விழியைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து கொடுத்தார். தன் கஷ்டத்தைச் சொல்லி ஒருவரிடமும் போய் நின்றதில்லை. அலுவலகத்தில் ஒருவர் தட்டில் வெற்றிலை பாக்கோடு எதையோ வைத்து நீட்டினால், வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பிக் கொடுப்பார். எதைப் படித்தாலும் பத்திரம் படிக்கிற மாதிரிதான் படிப்பார். கல்யாணப் பத்திரிகையில்கூட, “பெரியப்பா பேர விட்டுட்டானுக” என்று முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

ஓய்வு பெற்ற பிறகு அக்காவுக்குக் கிடைத்த வேலைதான் அவருடைய கடைசி மூன்று ஆண்டுகளை நிறைத்தது. இணையத்தில் தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அதில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஆனால் எழுதுகிற செய்திக்கு அச்சில் வந்த சான்று காட்ட வேண்டும். அதில் எங்கள் அப்பாவைப் பற்றி யாரோ எழுதியிருந்த பக்கத்தைக் கயல்விழி கைப்பேசியில் காட்டினாள். அக்கா அப்பாவின் படத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு நிமிடம்தான். அடுத்த நிமிடம், “பொறந்த ஊர தப்பாப் போட்டுருக்கான்” என்றார்.

அங்கே ஆரம்பித்தது. கயல்விழியிடம் தட்டச்சு கற்றுக்கொண்டார். ‘கொடை வள்ளல்’, ‘ஏழைகளின் தெய்வம்’, ‘கர்ணனின் மறுபிறவி’ என்றிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தார். சொந்தத்தில் புகைச்சல் கிளம்பியது. சித்தப்பா மகன் தொலைபேசியில் வந்து, “ஏக்கா, பெரியப்பாவ நீங்களே இம்புட்டு மட்டம் தட்டலாமா?” என்று சண்டைக்கு நின்றான்.

“வள்ளல்னு நாம சொல்லக் கூடாதுடா. என்ன குடுத்தாருன்னு எழுதுவோம். வள்ளலா இல்லையான்னு படிக்கிறவன் சொல்லிக்கிடட்டும்” என்றார் அக்கா.

என்ன கொடுத்தார் என்று அறியத்தான் எழுபது வயதில் டவுன் பஸ் ஏறினார். ஒவ்வொரு ஊராகப் போனார். பழைய நாளிதழ்களை நூலகத்தில் புரட்டினார். மாணவியர் விடுதிக்காக அப்பா ஊருக்கு ஒரு வண்டி செங்கல் கேட்டு வாங்கியது, நான்கு ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது, தம் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தது என எல்லாவற்றுக்கும் சான்று சேர்த்தார். பிரசவ வலியில் துடித்த பெண்ணுக்குத் தம் ஜீப்பைக் கொடுத்துவிட்டு அப்பா பஸ்ஸில் சென்னைக்குப் போன கதைக்குச் சான்று கிடைக்கவில்லை. அது எங்களுக்கு மிகவும் பிடித்த கதை. அக்கா அதைத் தாமே நீக்கினார். நீக்கிவிட்டு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். போனேன். சாப்பாடு போட்டார். கை கழுவி வந்து உட்கார்ந்ததும் கேட்டார்.

“தம்பி, ‘நிலமும் தந்தார், நிழலும் தந்தார்’னு எழுதுனது யாருடா?”

“நான்தான்க்கா” என்றேன் பெருமையாக. எப்படிப் பெருமைப்படாமல் இருப்பேன்? அப்பாவின் நினைவு மலரில் நான் எழுதிய வரி அது. அப்போது நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். விடுதிக் குழுவினர் அந்த வரியைக் கல்லில் வெட்டி விடுதி வாசலில் பதித்தார்கள். ஆண்டுதோறும் அப்பாவின் நினைவு நாளில் அதைச் சொல்லித்தான் கூட்டம் தொடங்கும். கலைக்களஞ்சியத்திலும், தம் சொந்த நிலத்தை விடுதிக்குக் கொடுத்தவர் என்று அப்பாவைப் பற்றி எழுதி, சான்றாக என் கட்டுரையைத்தான் காட்டியிருந்தார்கள்.

“நிழல் சரி. நிலம் யாரு தந்தது?”

அக்கா ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார். “வில்லங்கம் போட்டுப் பாத்தேன். கம்ப்யூட்டருக்கு முந்தின காலம். எழுதிக் குடுத்துத் தேடச் சொல்லி வாங்குனேன். தானப் பத்திர நகல் இது. படி.”

கொடுத்தவர் பெயர் கருப்பாயி. கீழே கைநாட்டு. சாட்சிக் கையெழுத்து எங்கள் அப்பாவுடையது.

அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. எனக்குத் தெரியும். கருப்பாயி அம்மா எங்கள் ஊரில் காடுகரைகளில் கூலி வேலை செய்தவர். ஆடு வளர்த்து, சிறுகச் சிறுகச் சேர்த்துச் சாலையோரம் துண்டு நிலம் வாங்கியிருந்தார். அப்பாவின் நிலமெல்லாம் ஊருக்கு வெகுதூரத்தில் இருந்தது. பெண்பிள்ளைகள் தங்குவதற்கு அது தோதுப்படாது. பள்ளிக்கூடத்தை ஒட்டி இருந்தது அவருடைய இடம்தான். அப்பா போய்க் கேட்டார். அவர் கொடுத்தார். அடிக்கல் நாட்டிய அன்று இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளையோடு அவர் கூட்டத்துக்கு வெளியே நின்றார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பார்த்தேன்.

பிறகு ஏன் அப்படி எழுதினேன்? வரி அழகாக விழுந்தது, அதனால் எழுதினேன் என்று இத்தனை ஆண்டும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். கூலிக்கு வந்தவர்களை வாசலோடு நிறுத்திப் பேசுகிற வழக்கம் அந்த நாளில் எங்கள் வீட்டிலும் இருந்தது. அப்படி நின்ற ஒருவர் பெயரை அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் எழுத என் கை போகவில்லை. அப்பாவே அந்தப் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்; எனக்குத்தான் மனம் வரவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மறுவாரம் அக்கா என்னைப் பரவை மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். கருப்பாயி அம்மா காலமாகிப் பல ஆண்டுகள் ஆயிற்று. அவருடைய மகள் பாண்டியம்மாள், அன்று இடுப்பில் இருந்த பிள்ளை, அங்கே வெங்காயக் கடை வைத்திருக்கிறார். அக்கா விஷயத்தைச் சொன்னார். பாண்டியம்மாள் மூட்டையைத் தைத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“நானும் அந்த விடுதியிலதான்க்கா தங்கிப் பத்தாவது வரைக்கும் படிச்சேன். எங்காத்தா குடுத்த எடம்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஒம்பதாவது படிக்கையில அந்தக் கல்ல வச்சாக. தெனம் அதத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகணும். ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது, அதுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் படிக்கத் தெரிஞ்சுபோச்சே.”

நான் வெங்காய மூட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா, “உங்க ஆத்தா ஒண்ணும் கேக்கலையா?” என்றார்.

“அது என்னத்தக் கேக்கும்? ‘பிள்ளைக படிக்குதுல்ல, விடு’ன்னுரும். பேரு போடணும்னு அது கேக்கலக்கா.” தையலை முடித்து நூலை அறுத்தார். “ஆனா போட்டா நல்லாத்தான் இருக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் அக்கா கலைக்களஞ்சியத்தில் அந்தச் செய்தியைத் திருத்தினார். மறுநாளே பழையபடி மாற்றிவிட்டார்கள். அப்பக்கத்தைக் கவனித்துவரும் அன்பர் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார்: “அம்மா, நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் அவருடைய மகள். நீங்கள் காட்டுவது அச்சில் வராத ஆவணம். மலரில் வந்ததற்கு மறுப்பும் எங்காவது அச்சில் வரட்டும். உடனே மாற்றிவிடலாம்.”

அக்காவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவரோ சிரித்தார். “இத்தன வருசம் ஆபீசுல நான் சனங்ககிட்டச் சொன்னத எனக்கே திருப்பிச் சொல்றாரு பாரு!” என்றவர், என் பக்கம் திரும்பினார். “பொய்ய எழுதுனவன் உசுரோடதான இருக்கான்? அவன் எழுதட்டும்.”

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. விடுதி ஆண்டுவிழா முடியட்டும் என்றேன். மகன் கல்யாணம் ஆகட்டும் என்றேன். என்னிடம் படித்தவர்கள் இந்தப் பக்கத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயம். அக்கா நினைத்திருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஒருவரிடமும் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் அவரை ஏசியபோதுகூட என் பெயரை இழுக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம், “எழுதிட்டியா?” என்பார். அவ்வளவுதான்.

சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் சேர்த்தபோது, நான்காம் நாள் பகலில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“தம்பி, எனக்கு மலர் போடுவீங்கல்ல?”

“என்னக்கா பேச்சு இது? ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்.”

“போறது இருக்கட்டும். போடுவீங்களா மாட்டீங்களா?”

“போடாம இருப்பமா?”

“அச்சுலதான?”

“அச்சுலதான்க்கா.”

“அப்ப அதுல எழுது. அப்பா மலர ஏத்துக்கிட்டவுக என் மலரையும் ஏத்துக்கத்தான வேணும்? தாள் நம்பர் போடச் சொல்லு. போன மலர்ல நம்பரே போடல. எந்தப் பக்கம்னு காட்டறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

இதைச் சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். நான் அழுதேன். என்னைத் திட்டி எழுத வைக்க அவரால் முடிந்திருக்கும். அதைச் செய்யாமல், தம் சாவையே எனக்கு ஒரு வாய்ப்பாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்படி ஓர் அக்காவுக்குத் தம்பியாகப் பிறந்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்வேன்?

சொல்ல வேண்டியவர்களுக்கு இப்போது சொல்லிவிடுகிறேன். கடைசி நாட்களில் அக்காவைத் தம் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. வேளாவேளைக்கு மருத்துவமனைக்குச் சாப்பாடு கொண்டுவந்த வண்டியூர்த் தெருக்காரர்களுக்கு நன்றி. அம்மாவுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்த கயல்விழிக்கும், வளைந்து கொடுக்காமல் சான்று கேட்ட கோயம்புத்தூர் அன்பருக்கும் நன்றி. அக்கா இறந்த செய்தி கேட்டுக் கடையைப் பூட்டிவிட்டு முதல் ஆளாக வந்து, கயல்விழியைக் கட்டிக்கொண்டு அழுத பாண்டியம்மாளுக்கு என்ன சொல்வது? தங்கச்சி, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இன்று நீங்கள் முன் வரிசையில் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்லை மாற்றவும் மனுக்கொடுத்திருக்கிறேன். மனு எழுதித் தர அக்கா இல்லாததால் அதையும் நானே எழுதினேன். அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை.

தாளில் எண் போடச் சொல்லிவிட்டேன். இது ஒன்பதாம் பக்கம். கோயம்புத்தூர் அன்பர் குறித்துக்கொள்ளட்டும்:

மாணவியர் விடுதி நிற்கிற நிலத்தைக் கொடுத்தவர் கருப்பாயி அம்மாள். அதில் கட்டடம் எழுப்பியவர் எங்கள் அப்பா. அதை மாற்றி எழுதியவன் நான். திருத்தியவர் எங்கள் அக்கா.